தனியா ஒரு ஆர்கனைசர் வாங்கலாமா?

இந்த வாரக் கேள்வி நேரடியானது. கையில போன் இருக்கு. காலண்டர், செய்ய வேண்டிய வேலைகள், குறிப்புகள் எல்லாமே அதுலயே இருக்கு. அப்படி இருக்கும்போது இந்த மூணு வேலைக்கு மட்டும் கையடக்கமா இன்னொரு கருவியைக் காசு கொடுத்து வாங்கறதுல அர்த்தம் இருக்கா?

கேட்டவங்க நம்ம நேயர் ஒருத்தங்க. சாஃப்ட்வேர் வேலை, 25 ஆயிரம் ரூபாய் பட்ஜெட். அவங்க அப்பாவுக்கு சிறுநீரகப் பிரச்சினை. மாசத்துக்கு ரெண்டு தடவை ரத்தப் பரிசோதனை, அதுக்கப்புறம் டாக்டர், நடுவுல மாத்திரை அளவு மாறும். அவங்களும் தம்பியும் மாறி மாறி கூட்டிட்டுப் போறாங்க. போன மாசம், அடுத்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வரணும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. குறிச்சுக்கலாம்னு போனை எடுத்தா, ஆபீஸ் குரூப்ல ஒரு மெசேஜ். அதுக்குப் பதில். அப்புறம் யாரோ அனுப்பின ரீல். குறிப்பு மட்டும் எழுதப்படவே இல்லை. டெஸ்ட் அன்னைக்கு அப்பா இட்லி சாப்பிட்டுட்டுப் போய் நின்னார், இன்னொரு நாள் வாங்கன்னு சொல்லிட்டாங்க. "எனக்கு இன்ஸ்டாகிராம் இல்லாத ஒரு பொருள் வேணும்"னு எழுதியிருக்காங்க.

கோபம் நியாயமானது. ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு பழைய கதையைச் சொல்லிடறேன். வாங்கலாமா வேண்டாமான்னு சோதிக்கிற வழி அதுக்குள்ளயே இருக்கு.

1992-ல ஆப்பிள் தலைவரா இருந்த ஜான் ஸ்கல்லி, இந்த வகைக் கருவிக்கு 'பர்சனல் டிஜிட்டல் அசிஸ்டண்ட்'னு பேர் வெச்சார். சுருக்கமா பிடிஏ. அடுத்த வருஷமே ஆப்பிளோட நியூட்டன் 699 டாலருக்கு வந்துச்சு. கையால எழுதினா படிச்சுக்கும்னு விளம்பரம். அது படிச்ச லட்சணத்தை கார்ட்டூன் போட்டுக் கிண்டல் பண்ணாங்க. சட்டைப் பையிலயும் அடங்காது. 1998-ல கடையைக் கட்டிட்டாங்க.

அதே 1993-ல ஜெஃப் ஹாக்கின்ஸ்னு ஒரு பொறியாளர், அவரோட பாம் கம்பெனி, வேற சில கம்பெனிகளோட சேர்ந்து ஸூமர்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. அதுவும் ஓடலை. ஹாக்கின்ஸ் அடுத்ததுக்கு சர்க்யூட் வரையறதுக்கு முன்னாடி வீட்டு கராஜ்ல ஒரு மரக்கட்டையை அறுத்தார். தன் சட்டைப் பையில நுழையற அளவு. எழுதற குச்சிக்கு ஒரு சாப்ஸ்டிக்கைச் சீவிக்கிட்டார். எங்க போனாலும் அதைப் பையில வெச்சிருந்தார். மீட்டிங்ல யாராவது "புதன்கிழமை ஃப்ரீயா?"ன்னு கேட்டா, மரக்கட்டையை எடுத்துத் தட்டித் தட்டிப் பார்ப்பார். பார்த்தவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அந்தக் கட்டை இப்போ கலிஃபோர்னியாவுல கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துல இருக்கு.

அவர் பார்த்துக்கிட்டது ரொம்ப எளிமையான விஷயம். இதை நான் நிஜமாவே சுமப்பேனா? எப்பெப்போ கை பைக்குள்ள போகுது? எடுத்த உடனே என்ன தெரியணும்? அதுல இருந்து நாலு நிபந்தனை வந்துச்சு. பையில அடங்கணும். வேகமா இருக்கணும். கம்ப்யூட்டரோட சுலபமா சிங்க் ஆகணும். விலை 299 டாலருக்கு மேல போகக்கூடாது. இன்னொண்ணையும் புரிஞ்சுக்கிட்டார்: தனக்குப் போட்டி இன்னொரு கம்ப்யூட்டர் இல்ல, காகிதம். ஒரு டைரியை விரிச்சு எழுதற வேகத்தை ஜெயிக்கலைன்னா யாரும் இதைத் தொட மாட்டாங்க.

1996-ல பைலட் 1000 வந்தப்போ அதோட மெமரி 128 கேபி. வாட்ஸ்அப்ல வர்ற ஒரு குட்மார்னிங் படத்துக்கே அது பத்தாம போகலாம். ஆனா காலண்டர் பட்டனை அமுக்கினா உடனே இன்னைக்குப் பக்கம் வந்து நிக்கும். ரெண்டு சின்ன பென்சில் பேட்டரியில வாரக்கணக்கா ஓடும். ஸ்டாண்டுல வெச்சு ஒரு பட்டனைத் தட்டினா எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் வந்துடும். நியூட்டனை விடக் குறைவா செஞ்சது, ஆனா செஞ்சதை உடனே செஞ்சது. அதனாலதான் வித்துச்சு.

இந்தியாவுலயும் ஒரு முயற்சி நடந்துச்சு. பெங்களூரு ஐஐஎஸ்சி பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து யோசிச்ச சிம்ப்யூட்டர். 2004-ல அமிடா சிம்ப்யூட்டர்னு சுமார் 10 ஆயிரம் ரூபாயில கடைக்கு வந்துச்சு. உள்ளே லினக்ஸ். கையைச் சாய்ச்சா புரிஞ்சுக்கிற சென்சார் கூட இருந்துச்சு, ஐபோன் வர்றதுக்கு 3 வருஷம் முன்னாடியே. அருமையான பொறியியல். ஆனா அதே வருஷங்கள்ல எல்லார் கையிலயும் செல்போன் வந்துட்டு இருந்துச்சு. ரெண்டாவது கருவியைச் சுமக்கறதுக்குப் பெரும்பாலானவங்க கிட்ட காரணம் இல்ல. நல்ல கருவின்னு சொல்றதும், எனக்கு வேணுங்கிற கருவின்னு சொல்றதும் ரெண்டு வேற விஷயம்.

சரி, இன்னைக்குக் கடையில என்ன இருக்கு? ஒண்ணு, பழைய பாம். இரண்டாவது கைக்குக் கிடைக்கும், ஆசையா வெச்சுக்கலாம், ஆனா இன்னைக்கு இருக்கிற காலண்டரோட பேச வைக்கிறதுக்குள்ள ஒரு வார இறுதி காலி. ரெண்டாவது, போன் அளவுல வர்ற ஈ-இங்க் கருவிகள். உதாரணத்துக்கு 2023-ல வந்த பூக்ஸ் பால்மா. 6.13 இன்ச் திரை, உள்ளே ஆண்ட்ராய்டு, சிம் கிடையாது. வந்தப்போ அமெரிக்காவுல விலை சுமார் 280 டாலர். நாம வரவழைச்சா ஷிப்பிங், சுங்க வரி எல்லாம் தனி. வெயில்ல தெளிவா தெரியும், கண்ணுக்கு இதமா இருக்கும். ஆனா ஆண்ட்ராய்டுன்னா ப்ளே ஸ்டோரும் வரும். இன்ஸ்டாகிராமை அதுலயும் ஏத்தலாம். கறுப்பு வெள்ளையில, இழுத்து இழுத்து ஓடற ரீலை யாரும் ரசிக்க முடியாது, அவ்வளவுதான் நமக்குப் பாதுகாப்பு.

இதுல எதை வாங்கறதா இருந்தாலும் மூணு கேள்வி கேட்டுக்கோங்க.

முதல் கேள்வி: ஞாபகம் வந்த நொடிக்கும் எழுதி முடிச்ச நொடிக்கும் நடுவுல எவ்வளவு நேரம்? நாங்க வேலையில இதை லேட்டன்சின்னு சொல்லுவோம். போன்ல லாக் எடுக்கணும், நோட்டிஃபிகேஷனைத் தாண்டணும், ஆப்பைத் தேடணும். நம்ம நேயர் விழுந்தது இந்தப் பள்ளத்துல. தனிக் கருவி இங்க உண்மையிலேயே உதவும். ஆனா ஒரு 'ஆனா' இருக்கு. அது பையில இருக்கணும். வீட்டு மேஜையில சார்ஜ் ஏறிட்டு இருந்தா லேட்டன்சி நொடிக்கணக்கு இல்ல, சாயங்காலம் வரைக்கும்.

இரண்டாவது: எழுதினதைத் திரும்பப் பார்க்கிற பழக்கம் இருக்கா? இதை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாது. அலாரம் அடிக்கும், அதைத் தள்ளிவிடறது உங்க விரல்தான். தினமும் காலையில ஒரே இடத்தைப் பார்க்கிறவங்களுக்குப் பத்து ரூபாய் நோட்டு போதும். பார்க்காதவங்களுக்கு 25 ஆயிரமும் போதாது. அதோட, குறிப்புகள் நாலு இடத்துல கிடந்தா மூளை எதையும் நம்பாது. புதுசா ஒரு கருவி வந்தா பழசுல ஒண்ணை மூடணும். மூட மனசு இல்லைன்னா, அது அஞ்சாவது இடம்.

மூணாவது: உள்ளே போனது வெளியே வருமா? எங்க சித்தப்பா மஸ்கட்ல இருந்து ஒரு டிஜிட்டல் டைரி கொண்டுவந்தார். குட்டிக் குட்டி பட்டன், மடக்கினா பாக்கெட்ல போயிடும். சொந்தக்காரங்க நம்பர் எல்லாம் அதுலதான். ஒரு நாள் பேட்டரி தீர்ந்துச்சு, நம்பரெல்லாம் போச்சு. அப்புறம் பாட்டியோட காலண்டர் அட்டை பின்னாடி எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் திரும்பச் சேர்த்தாங்க. இன்னைக்கு பேட்டரியால அழியாது. ஆனா கம்பெனி கையை மாத்தலாம். பாம் கம்பெனியே 2010-ல ஹெச்பி கைக்குப் போச்சு, 2011-ல அந்தக் கருவிகளை ஹெச்பி நிறுத்திடுச்சு. அதனால வாங்கறதுக்கு முன்னாடி எக்ஸ்போர்ட் பட்டன் எங்க இருக்குன்னு பாருங்க. சாதாரண டெக்ஸ்ட், பிடிஎஃப், பொதுவான காலண்டர் ஃபைல், இதுல ஒண்ணாவது வெளியே வரணும்.

இப்போ நேயருக்கு என் பதில். உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். காரணம் விலை இல்ல, உங்க தம்பி. அப்பாவோட தேதிகள் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரியணும். சிம் இல்லாத கருவியில நீங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல குறிச்சது, வைஃபை கிடைக்கிற வரைக்கும் உங்க பையிலேயே இருக்கும். அதுக்குள்ள தம்பி வேற ஒரு நாளை டாக்டர் கிட்ட ஒத்துக்கிட்டு வந்துடுவார். உங்களுக்கு வேண்டியது பகிர்ந்த காலண்டர் ஒண்ணு, எழுதற வேகம் ஒண்ணு. முதலாவது போன்லயே இலவசம். ரெண்டாவதுக்கு, நோட்ஸ் ஷார்ட்கட்டை லாக் ஸ்கிரீன்ல வையுங்க, இல்லைன்னா குரல்ல ரிமைண்டர் சொல்லுங்க. அதோட அப்பாவோட ஃபைல் கவர் மேல ஒரு பேனாவைச் சொருகி வையுங்க. நர்ஸ் சொல்றதை அங்கேயே கவர் மேல எழுதிடுங்க. ஃபைல் இல்லாம யாரும் ஆஸ்பத்திரிக்குப் போறதில்லை. யார் கூட்டிட்டுப் போனாலும் அது கூடவே வரும்.

அப்போ யாருக்கு இது லாபம்? கேமரா போனை உள்ளே விடாத இடத்துல வேலை பார்க்கிறவங்க, ஆனா பால்மாவுலயும் கேமரா இருக்கு, அதனால கேமரா இல்லாத கருவியா பாருங்க, வைஃபை உள்ள எந்தக் கருவிக்கும் தடை இருக்கான்னும் முதல்ல கேட்டுக்கோங்க. நிறைய படிக்கிறவங்க, ஏன்னா அவங்களுக்கு ஆர்கனைசர் கூடுதல் லாபம்தான், பணம் புத்தகத்துலயே திரும்பிடும். ஏற்கெனவே பாக்கெட் டைரியில வருஷக்கணக்கா எழுதிட்டு, எழுதினதைத் தேட முடியாம கஷ்டப்படறவங்க. இவங்க மூணு பேருக்கும் பழக்கம் முதல்ல வந்துடுச்சு, கருவி பின்னாடி வருது. அந்த வரிசை சரியானது.

நீங்க எந்த வகைன்னு தெரியலைன்னா ஹாக்கின்ஸ் செஞ்சதைச் செய்யுங்க. நீங்க வாங்க நினைக்கிற கருவியோட நீளம் அகலத்தைப் பார்த்து, அதே அளவுல ஒரு சின்ன நோட்டு வாங்குங்க. பால்மான்னா ஏறக்குறைய 16 சென்டிமீட்டருக்கு 8. 21 நாள் அதுதான் உங்க ஆர்கனைசர். போன்ல எதையும் குறிக்கக்கூடாது. ராத்திரி படுக்கும்போது கடைசிப் பக்கத்துல ரெண்டு கோடு போடுங்க: இன்னைக்குத் தேவைப்பட்டப்போ நோட்டு கையில இருந்துச்சா? காலையில திறந்து பார்த்தேனா? 21-ல 15 நாளுக்கு மேல ரெண்டுமே ஆமாம்னா, தைரியமா வாங்குங்க. 15-ங்கிறது என் கணக்குதான், உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. நாலாவது நாளே நோட்டு வேற பேக்ல தங்கிட்டா, 25 ஆயிரமும் அங்கதான் போய்த் தங்கியிருக்கும்.

21 நாள் முடிஞ்சதும் கணக்கை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வாங்கினவங்களும் சொல்லுங்க, வேண்டாம்னு விட்டவங்களும் சொல்லுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.