டி வகை ஆம்ப்ளிபயர்: அமைப்பும் பழுது காணலும்

 

வெள்ளி விழாவில் வாழ்த்துரை வழங்குவோர் பலர் உளர். ஆதலின் எனக்களித்த சிறுபொழுதை, நம் இளைஞர் பலர் ஆர்வத்தோடு பிரித்துப் பார்க்கும் ஆம்ப்ளிபயர் பற்றிப் பேசப் பயன்படுத்திக்கொள்கிறேன். அதிலும் டி வகையே இன்று கைப்பேசி முதல் விழா மேடை வரை பரவியுள்ளது. 'டி' என்பது டிஜிட்டல் என்பதன் சுருக்கம் எனச் சிலர் கூறுவர். அன்று. ஏ, பி, சி என்பவற்றுக்கு அடுத்து வந்தமையால் டி, அவ்வளவே.

பழைய வகைகளில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த தண்ணீர்க் குழாய் போன்றது. மின்னழுத்தத்தின் ஒரு பகுதி அதன் மீதே விழுந்து வெப்பமாகும். பி வகையில் கணக்குப்படி கிட்டும் உச்சத் திறனே 78.5 விழுக்காடு, மெல்லிய ஒலியில் அதுவும் இல்லை. டி வகையிலோ டிரான்சிஸ்டர் முழுமையாகக் கடத்தும், அன்றேல் அறவே கடத்தாது. கடத்துங்கால் அதன்மீது அழுத்தம் இல்லை; கடத்தாதபோது ஓட்டம் இல்லை. எனவே வெப்பமும் சிறிதே. இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் 1964-இல் இம்முறையில் எக்ஸ்-10 என்னும் ஆம்ப்ளிபயரை விற்பனைக்குக் கொணர்ந்தார். அன்றைய டிரான்சிஸ்டர்களின் வேகம் போதாமையால் அது பெயர் பெறவில்லை. ஒரு நிலையினின்று மறுநிலைக்கு மாறும் அந்தக் கணமே அதனைக் கெடுத்தது. இன்றும் பழுதுகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

சுற்றின் அமைப்பைக் காண்போம். 250 கிலோ ஹெர்ட்ஸ் முக்கோண அலை ஒன்றை உண்டாக்கி, அதனையும் பாட்டின் அலையையும் எல்.எம். 311 என்னும் ஒப்பீட்டு ஐ.சி.யில் செலுத்துக. பாட்டலை உயர்ந்திருக்கும் நேரமெல்லாம் வெளியீடு மேலே நிற்கும். தாழ்ந்தால் கீழே இறங்கும். இவ்வாறு பாட்டின் உயரம் துடிப்பின் அகலமாக மாறிவிடுகிறது. அத்துடிப்பு ஐ.ஆர். 2110 என்னும் இயக்கி வழியே, 24 வோல்ட்டில் மேலும் கீழுமாக அமைந்த இரு ஐ.ஆர்.எப். 540 மாஸ்பெட்டுகளை மாறி மாறி இயக்கும். பின்னர் 60 மைக்ரோ ஹென்றி சுருளும் 0.47 மைக்ரோ பாரட் கண்டன்சரும் 30 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டும். 250 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்பு ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்காகும். கடைசியில் 1000 மைக்ரோ பாரட் கண்டன்சர் வழியே 8 ஓம் ஸ்பீக்கர். கணக்குப்படி 9 வாட். கற்பதற்கு அது போதும்.

இரு மாஸ்பெட்டுகளும் ஒருங்கே கடத்தினால் 24 வோல்ட்டும் நேரே தரைக்குப் பாயும். ஆகவே ஒன்று அடங்கிய பின் மற்றது எழ, சுமார் 100 நானோ நொடி இடைவெளி வேண்டும். 2110 அதனைத் தானே தராது. அதன் இரு உள்ளீடுகளிலும் மின்தடை, டையோடு, சிறு கண்டன்சர் கொண்டு நாமே அமைத்தல் வேண்டும். இடைவெளியை மிகுத்தால் மாஸ்பெட் பிழைக்கும். ஆனால் மெல்லிய ஒலி கரகரக்கும்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் மேல் மாஸ்பெட்டை மூன்று முறை மாற்றினார். மூன்றும் எரிந்தன, கைப்பணமும் கரைந்தது. மேல் மாஸ்பெட்டின் கேட்டுக்கு, 24 வோல்ட்டுக்கும் மேலாக ஏறத்தாழ 12 வோல்ட் தேவை. அதனைத் தருவது ஒரு டையோடும் ஒரு சிறு கண்டன்சருமே. அவர் இட்டது 1என் 4007. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு அது நல்ல டையோடு. இங்கோ ஒரு சுற்றுக்கு 4 மைக்ரோ நொடியே உண்டு. அது கதவடைக்குமுன் சேர்த்த மின்னூட்டம் பின்வழியே வடிந்துவிடும். அரைகுறையாகக் கடத்திய மாஸ்பெட் சுட்டு எரிந்தது. பார்வைக்கு அதே உருவில் உள்ள யு.எப். 4007, 75 நானோ நொடியில் அடைபடும். அதனை இட்ட பின் நான்காவது மாஸ்பெட் எரியவில்லை. எரிந்ததை மாற்றிய அவர், எரித்ததை மூன்று முறையும் விட்டுவைத்திருந்தார்!

ஆசிலோஸ்கோப் நம்மிடம் இல்லையே என்பீர்கள். பெரும்பாலும் மல்டிமீட்டரே போதும். அது துடிப்புகளின் சராசரியைக் காட்டும். மாஸ்பெட்டுகளைப் பொருத்துமுன், பாட்டின்றி, 12 வோல்ட்டில் இயங்கும் 311-இன் வெளியீட்டை அளந்திடுக. 6 வோல்ட் அளவில் இருத்தல் வேண்டும். 0 அல்லது 12 காட்டினால் முக்கோண அலை பிறக்கவில்லை, அன்றேல் அதன் நடுநிலை தவறியுள்ளது. பழைய மத்திய அலை ரேடியோவை அருகில் வைத்து 750 கிலோ ஹெர்ட்ஸில் திருப்புக. இரைச்சல் சட்டென்று அடங்கினால் அலை பிறந்துவிட்டது என்பது உறுதி.

அடுத்து மாஸ்பெட்டுகளைப் பொருத்தி, 24 வோல்ட் வழியில் 21 வாட் லாரி பல்பு ஒன்றைத் தொடராக இணைத்திடுக. ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 10 வாட் கம்பிச்சுற்று மின்தடை இடுக. சுமையின்றி இயக்கினால் வடிகட்டியில் அழுத்தம் எல்லை மீறும். பல்பு ஒருகணம் மின்னி அணைந்தால் நன்று. நின்று எரிந்தால் இரு மாஸ்பெட்டுகளும் ஒருங்கே கடத்துகின்றன. பல்பு அவற்றைக் காத்து நிற்கிறது. சுருளுக்கு அப்பால், 1000 மைக்ரோ பாரட் கண்டன்சருக்கு முன், 12 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இவை அனைத்தும் சரியான பின்னரே பல்பை நீக்கி ஸ்பீக்கரை இணைத்திடுக.

அதன் பின்னும் மெல்லிய ஒலி நன்றாயிருந்து, கூட்டும்போது மட்டும் சிதறிச் சூடேறினால் சுருளை ஐயுறுக. இடைவெளியற்ற சிறு பெரைட் வளையம் மிகு ஓட்டத்தில் காந்தச் செறிவடைந்து, சுருள் வெறும் கம்பியாகிவிடும். இடைவெளி விட்ட பெரைட்டில் மீண்டும் சுற்றிப் பொருத்துக.