எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம்?

(ஞாயிறு மாலை எங்கள் வார்டு கிளை நூலகத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில், நம் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காகப் பதிவிடுகிறோம்.)



மைக் பிடிச்சுப் பேசுறது எனக்குப் புதுசு. போனைப் பிடிச்சே பழகினவன் நான். நம்ம பக்கத்துல வர்ற கார்டுகள்ல பாதி என் லேப்டாப்ல இருந்து போனதுதான். அதுல ஒரு கார்டைப் பத்தி முதல்ல சொல்லிடறேன்.

மூணு மாசம் முன்னாடி ஒரு தலைவர் படம் போட்டு, கீழ அவர் சொன்னதா நாலு வரி போட்டு ஒரு கார்டு பண்ணினேன். வாட்ஸ்அப்ல வந்த வரிதான். செம ரீச். நீங்களும் பகிர்ந்திருப்பீங்க. மறுநாள் இந்த நூலகத்துக்கு ஒரு வேலையா வந்தப்போ, நம்ம நூலகர் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "தம்பி, அந்த வரி எந்தப் புத்தகத்துல இருக்கு? எத்தனாவது பக்கம்?"

எனக்குப் பதில் தெரியல. சரி, தேடிப் பார்ப்போம்னு அவங்களே அலமாரியைத் திறந்து அந்தத் தலைவரோட தொகுதிகளை எடுத்து வச்சாங்க. மூணு சாயங்காலம் உட்கார்ந்து புரட்டினேன். அந்த வரி கிடைக்கவே இல்லை. கார்டை அழிச்சிட்டேன். "அழிச்சா போதுமா தம்பி? பகிர்ந்தவங்ககிட்ட யாரு சொல்றது?"ன்னு கேட்டாங்க. அதான் இன்னைக்கு உங்க முன்னாடி சொல்றேன். அது என் தப்பு. மன்னிச்சிடுங்க.

ஆனா அந்த மூணு சாயங்காலத்துல எனக்கு வேற ஒண்ணு கிடைச்சது. இங்க வர்ற ஒவ்வொருத்தர் கையிலயும் அக்கா என்ன புத்தகம் கொடுக்கறாங்கன்னு பக்கத்துல இருந்து பார்த்தேன். அவங்க பரிந்துரை எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். உங்க வீட்ல யாருக்கு எது பொருந்தும்னு பாருங்க.

✦ ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு: 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி தன்னோட பள்ளிக்கூட நாட்களைப் பத்தி 1981ல எழுதினது. சேட்டை பண்றான்னு முதல் பள்ளியில இருந்து அனுப்பிட்ட பொண்ணு. ரயில் பெட்டியே வகுப்பறையா இருக்கிற இன்னொரு பள்ளியில சேர்றா. அங்க தலைமை ஆசிரியர் முதல் நாளே மணிக்கணக்கா அவ பேசுறதைக் கேட்கிறார். அக்கா சொல்ற வழி: "பிள்ளை கையில கொடுத்துட்டுப் போயிடாதீங்க. ராத்திரி ஒரு அத்தியாயம் நீங்க வாசிச்சுக் காட்டுங்க."

✦ எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவங்களுக்கு: இரா. நடராசன் எழுதின 'ஆயிஷா'. கேள்வி கேட்கிற ஒரு மாணவியை வகுப்பறை என்ன பண்ணுதுன்னு சொல்ற சின்னக் கதை. ஒரே உட்காரல்ல முடிச்சிடலாம். முடிச்ச பிறகு நேரம் ஆகும் எழுந்திரிக்க. ஆசிரியர்களும் படிக்கணும்.

✦ காலேஜ் தோழர்களுக்கு: சி.சு. செல்லப்பாவோட 'வாடிவாசல்'. 2017ல மெரினாவுல நின்னோம், கோஷம் போட்டோம், போன் டார்ச் அடிச்சோம். எத்தனை பேர் இதைப் படிச்சிட்டு நின்னோம்? நான் படிக்கல. ஒரே ஒரு நாள் சாயங்காலம் வாடிவாசல்ல நடக்கிறதுதான் கதை. காளை, மாடு அணையறவன், ஜமீன்தார். வீரத்தோட சேர்ந்து அதிகாரமும் கௌரவமும் எப்படிக் களத்துல இறங்குதுன்னு புரியும்.

✦ வேலைக்குப் போற, அரசியல் பேசுற எல்லாருக்கும்: அண்ணல் அம்பேத்கரோட 'சாதியை அழித்தொழித்தல்'. இது 1936ல லாகூர்ல பேசறதுக்காக எழுதின உரை. கருத்தை மாத்திக்கச் சொன்னாங்க, அவர் மறுத்தார், மாநாடே ரத்தாச்சு. பேச விடாத பேச்சை சொந்தச் செலவுல புத்தகமாப் போட்டார். இதுகூட, பாமா எழுதி 1992ல வந்த 'கருக்கு'. முதல்ல இருக்கிற வாதம், இரண்டாவதுல ஒரு பொண்ணோட வாழ்க்கையா நிக்கும். ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்ங்கிறது அக்காவோட கண்டிஷன்.

✦ தாத்தா, பாட்டிகளுக்கு: கி. ராஜநாராயணனோட 'கோபல்ல கிராமம்'. திண்ணையில உட்கார்ந்து கதை சொல்ற மொழி. பிடிச்சிருந்தா, 1991ல சாகித்திய அகாதமி விருது வாங்கின 'கோபல்லபுரத்து மக்கள்' அடுத்தது. கண்ணு சரியா தெரியலைன்னா பேரனையோ பேத்தியையோ படிக்கச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் லாபம்.

ஏன் நூலகர்கிட்ட கேட்கணும், கூகுள்ல தேடினா வராதான்னு என்னை மாதிரி இன்ஜினியரிங் பசங்க கேட்பீங்க. நம்ம சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931ல நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டுங்கிறது அதுல ரெண்டு விதி. அந்த ரெண்டையும் சேர்த்து வைக்கிற ஆள்தான் நூலகர். அல்காரிதம் நீங்க ஏற்கெனவே பார்த்ததைப் பார்த்து அடுத்ததைக் காட்டும். அக்கா உங்க முகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பாங்க.

இன்னொண்ணு. இது யாரும் நமக்குப் போடுற தானம் இல்லை. சுதந்திர இந்தியாவோட முதல் பொது நூலகச் சட்டம் 1948ல இங்க, அன்றைய சென்னை மாகாணத்துலதான் வந்தது. இன்னைக்கும் சொத்து வரியோட ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுறோம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. காசு கொடுத்துட்டு சாப்பிடாம வர்றவங்க உண்டா?

தோழர்களே, நம்மகிட்ட ஆயிரம் குறை இருக்கலாம். படிப்பகம் வச்சு, சைக்கிள் கடையிலயும் டீக்கடையிலயும் பத்திரிகையைச் சத்தமாப் படிச்சு வளர்ந்த அரசியல் நம்ம மண்ணோடது. அந்த வழியில வந்துட்டு, இல்லாத வரியைத் தலைவர் பேர்ல பரப்பினா, எதிர்ல நிக்கிறவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, என் உறுதி: புத்தகப் பேரும் பக்க எண்ணும் இல்லாம இனி என் கையால ஒரு மேற்கோள் கார்டும் போகாது. போனா, கமெண்ட்ல வந்து கேளுங்க. ரெண்டு, உங்க வேலை: இந்த வாரம் உங்க ஊர் கிளை நூலகத்துக்குப் போங்க. உறுப்பினர் ஆகுங்க. வீட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. அங்க இருக்கிற நூலகர்கிட்ட, "எனக்கு ஒரு புத்தகம் சொல்லுங்க"ன்னு கேளுங்க.

என்ன சொன்னாங்கன்னு கீழ எழுதுங்க. பக்க எண்ணோட!



#நூலகம்_போவோம் #படித்துப்_பகிர்வோம்