பணியிடத்தில் நேர்மை: ஏட்டிலா, நடைமுறையிலா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்து, "நீ தரக்கட்டுப்பாட்டுல இருக்கே. வேலை பார்க்கிற இடத்துல நேர்மைங்கிறதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். வயதிலும் அனுபவத்திலும் பெரியவர்கள் அமர்ந்திருக்கும் சபையில் இந்தத் தலைப்பில் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆகவே அறிவுரை எதுவும் சொல்லப் போவதில்லை. ஓர் இயந்திரம் நின்று போனால் அதைக் கழற்றிப் பார்ப்பது நம் தொழில். அதே மாதிரி இரண்டு மூன்று நிறுவனங்களைக் கழற்றிப் பார்ப்போம், அவ்வளவுதான்.

என் வகுப்புத் தோழர்களுக்கு 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி நினைவிருக்கும். நாம் இறுதியாண்டில் இருந்த நேரம். ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு அன்று ஒரு கடிதம் வெளியிட்டார். ரொக்கமாகவும் வங்கியிலும் இருப்பதாகக் கணக்கில் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். புலி மேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவிப்பது போல இருந்தது தன் நிலைமை என்றும் எழுதியிருந்தார். வேலை கிடைத்தது என்று வீட்டுக்குச் சொல்லி இனிப்பு கொடுத்தவர்களெல்லாம் அந்த வாரம் எப்படித் தூங்கினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2008-ல், சிறந்த நிறுவன ஆளுமைக்கான 'கோல்டன் பீகாக்' விருது அதே சத்யத்துக்குக் கிடைத்திருந்தது! பிறகு அந்த விருது திரும்பப் பெறப்பட்டது. 2015-ல் நீதிமன்றம் ராஜு உள்ளிட்ட பத்துப் பேருக்குத் தண்டனை வழங்கியது.

அமெரிக்காவின் என்ரான் கதையும் இதுதான். 2000-ல் அந்த நிறுவனம் தன் ஊழியர்களுக்காக 64 பக்கத்தில் ஒரு நன்னெறிக் கையேடு அச்சிட்டது. 2001 டிசம்பரில் திவாலானது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது எத்தனை பொருத்தம் பாருங்கள்!

அப்படியானால் கையேடு வேண்டாமா? பயிற்சி வகுப்பு வேண்டாமா? வேண்டும். ஆனால் கையேட்டில் எழுத முடியாத ஒன்று இருக்கிறது. கெட்ட செய்தியைக் கொண்டு வருகிறவனுக்கு அந்த நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் அது. ஒரு நிறுவனத்தின் நேர்மையை அளக்க நான் கண்ட அளவுகோல் இது ஒன்றே.

இதற்கு நம் துறையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1986 ஜனவரி 28-ஆம் தேதி சாலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73-ஆவது விநாடியில் சிதறி ஏழு பேர் உயிரிழந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த 'ஓ-ரிங்' என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போனதுதான் காரணம் என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் முந்தின நாள் இரவு நடந்ததை நம் பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஷொலி முதலானோர், அன்றிரவு தொலைபேசி வழிக் கூட்டத்தில், "53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம்" என்று வாதாடினார்கள். நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. தயோகால் மேலாளர்கள் ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டுத் தனியாகப் பேசினார்கள். அது அரை மணி நேரமானது. அங்கே பொறியியல் துறைத் துணைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார் அவருடைய மேலதிகாரி. அவரும் மாட்டிக்கொண்டார். முடிவு மாறியது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, கேள்வியே தலைகீழாகிவிட்டது. "பாதுகாப்பானது என்று நிரூபி" என்று கேட்பதுதான் முறை. அன்றிரவு, "ஆபத்து என்று நிரூபி பார்க்கலாம்" என்றார்கள். ஆதாரம் இல்லாதவன் வாயடைத்துப் போனான். இரண்டு, இப்படி ஒரு எதிர்ப்பு இருந்தது என்பதே நாசாவில் இறுதி முடிவு எடுத்த மேலிடத்துக்குப் போய்ச் சேரவில்லை. விசாரணை ஆணையம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்தப் பொறியாளர்கள் நேர்மையானவர்கள்தான், தைரியசாலிகள்தான். அவர்கள் சொன்னது மேலே போக வழியில்லை. தனி மனித நேர்மை மட்டும் போதாது நண்பர்களே. அது ஏறிப் போக ஒரு படிக்கட்டு வேண்டும். அந்தப் படிக்கட்டைக் கட்டுவது தலைமையின் வேலை.

கட்டிக் காட்டிய ஒருவரையும் சொல்கிறேன். 1987-ல் அல்கோவா என்ற அமெரிக்க அலுமினிய நிறுவனத்துக்குத் தலைவராக வந்தார் பால் ஓ'நீல். லாபத்தைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருக்க, தொழிலாளியின் பாதுகாப்பே தனக்கு முதல் வேலை என்றார். இது எல்லோரும் பேசுகிற பேச்சுதானே என்று தோன்றும். சோதனை 1996-ல் வந்தது. பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரீ எழுந்து, மெக்சிகோவில் உள்ள உங்கள் தொழிற்சாலையில் நிலைமை சரியில்லை என்றார். ஓ'நீல் முதலில் மறுத்தார். ஆனால் அத்தோடு விடவில்லை, விசாரிக்கச் சொன்னார். வாயுக் கசிவில் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதும், அது தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதும் தெரிய வந்தது. அந்தப் பிரிவின் தலைவர் நன்றாக வியாபாரம் செய்து காட்டியவர். இருந்தும் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். விபத்து நடந்ததற்காக மட்டுமல்ல, அதைச் சொல்லாமல் விட்டதற்காக. அந்த ஒரு முடிவு, ஆயிரம் பயிற்சி வகுப்புகள் சொல்லாததை அந்த நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வருஷத்துக்கு ஒரு முறை நன்னெறிப் பயிற்சி நடக்கும். கம்ப்யூட்டரில் இருபது கேள்வி. பக்கத்துச் சீட்டுக்காரர் விடை சொல்லுவார், சான்றிதழ் வந்துவிடும். சுவரில் ஒரு புகார்ப் பெட்டியும் உண்டு. அது இருந்த இடம் மேலாளர் அறைக்கு நேர் எதிரே, கேமராவுக்குக் கீழே. சாவி இருந்ததும் அந்த மேலாளரிடம்! அந்தப் பெட்டியில் நான் இருந்தவரை மிட்டாய்க் காகிதம் தவிர வேறெதுவும் விழுந்து பார்த்ததில்லை.

வேறொரு இடத்தில் நான் பார்த்தது இது. பம்ப்புக்கான வார்ப்புகளுக்குத் தண்ணீர் அழுத்தச் சோதனை நடந்து கொண்டிருந்தது. வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, குறித்த நேரம் வைத்திருந்து பார்ப்போம். டிப்ளமோ முடித்து வந்த பையன் ஒருவன், "சார், முள்ளு லேசா இறங்குது. கசியுது" என்றான். வெளியே லாரி நிற்கிறது. சூப்பர்வைசர், "தம்பி, வாடிக்கையாளர் இந்த அளவுக்கு அழுத்தமே குடுக்க மாட்டாங்க. கையெழுத்தைப் போடு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார். பையன் பேனாவை எடுக்கவே இல்லை. விஷயம் ஆலை மேலாளர் காதுக்குப் போனது. அவர் இறங்கி வந்து தானே முள்ளைப் பார்த்தார். லாரியைத் திருப்பி அனுப்பினார். வாடிக்கையாளருக்கு அங்கேயே நின்று தானே போன் போட்டார். பாராட்டுக் கூட்டம் எதுவும் வைக்கவில்லை. ஆனால் ஒன்று செய்தார். அந்தத் தாமதம் அந்த ஷிப்ட் ஆட்களின் ஊக்கத்தொகையைக் குறைக்காதபடி பார்த்துக்கொண்டார். அதை மட்டும் செய்யாமல் விட்டிருந்தால், உண்மை சொன்ன பையனை உடன் வேலை பார்ப்பவர்களே மறுநாள் முதல் ஒதுக்கியிருப்பார்கள். அவனும் அடுத்த முறை முள்ளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்திருப்பான்.

ஆகவே, இங்கே நிர்வாகிகளாகவும் முதலாளிகளாகவும் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, பயிற்சி வகுப்பை ஊழியர்களுக்கு வைப்பதற்கு முன் மேலாளர்களுக்கு வையுங்கள். "முடியாது சார்" என்று ஒருவன் சொன்னால் முதல் வார்த்தையாக என்ன கேட்பது என்று அவர்களுக்குப் பழக்குங்கள். "ஏன் லேட்?" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. "என்ன பார்த்தே, காட்டு" என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, புகார் போகும் பாதை புகாருக்கு உள்ளானவர் மேஜை வழியாகப் போகக் கூடாது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 177-ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தேவைப்பட்டால் ஊழியர் நேராகத் தணிக்கைக் குழுத் தலைவரையே அணுகலாம். இருபது பேர் வேலை செய்யும் சிறு பட்டறைக்குச் சட்டம் இதைச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியின் சாவியை மாற்றிக் கொடுக்கச் சட்டம் தேவையா என்ன?

மூன்றாவது, உண்மை சொன்னதால் வரும் நஷ்டத்தை, சொன்னவன் தலையில் கட்டாதீர்கள். அது நிறுவனத்தின் செலவு. மின்சாரக் கட்டணம் மாதிரி அதுவும் ஒரு செலவு.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் கட்டடத்துக்கு நிதி தருகிறோம், பரிசுக் கேடயங்கள் தருகிறோம், நல்லதுதான். இந்த வருஷம் இன்னொன்றும் தருவோம். ஒவ்வொரு துறையிலும் ஐந்தாறு மூத்தவர்கள் தங்கள் தொலைபேசி எண்ணைத் தந்து ஒரு பட்டியல் தயாரிப்போம். வேலைக்குப் போன முதல் வருஷத்தில், மனசுக்கு ஒப்பாத ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், நம் பையனோ பெண்ணோ, "அண்ணா, இப்படிச் சொல்றாங்க, என்ன பண்ணட்டும்?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். வீட்டில் கேட்டால் பயந்து விடுவார்கள். அலுவலகத்தில் கேட்க முடியாது. நம்மிடம் கேட்கட்டும். என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் முடிந்ததும் நுழைவாயில் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். சாப்பாட்டுக்குப் போகும் முன் நீங்களும் எழுதிவிட்டுப் போங்கள்.