நூல் அலமாரிக்கு மரம் தெரிவோம்

 

வெள்ளி விழா மேடையில் மரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் ஈட்டிய செல்வத்துள் நூல்களே தலையாயவை. நம் இல்லங்களிலோ பட்டாவும், சான்றிதழும், மதிப்பெண் பட்டியலும் பரண்மீதும் பெட்டியடியிலும் கிடக்கின்றன. 1892ஆம் ஆண்டு அரசாணையின்வழி நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்க முனைவோர் முதலில் தேடுவது பழைய ஏடுகளையே. கறையான் அரிப்பது வெறும் தாளன்று; ஓர் உரிமைக்குரிய சான்று. அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் சேர்த்துக் கப்பலில் அனுப்பிய நூல்கள் 1917இல் கடலில் மூழ்கின. பின்னர் 1930களில் பம்பாய் தாதரில் தம் இல்லமாகிய ராஜகிருகத்தை அமைத்தபோது, நூல்களுக்கென்றே அவர் இடம் வகுத்தார். ஆதலின் அலமாரியைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதே.

மரம் சுமந்த தோள்கள் நம்முடையவை. மரத்தை அளந்த கோலோ நெடுங்காலம் பிறர் கையில் இருந்தது. அக்கோலை நாம் கையில் எடுக்க வேண்டும். அதற்கு நான்கு செய்திகளை அறிதல் போதும்.

முதலாவது, பெயரைப் பாராமல் வைரத்தைப் பார்த்தல். தேக்கு என்றவுடன் மயங்குகிறோம். தேக்கிலும் நடுவில் உள்ள பழுப்பான வைரமே கறையானை எதிர்க்கும். ஓரத்து வெள்ளைப் பகுதியைப் பூச்சி எளிதில் தின்றுவிடும். இளமையில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை மிகுதி. ‘பர்மாத் தேக்கு’ என்று விலை கூறினால், எப்போது வந்த மரம் என்று கேளுங்கள். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது. தேக்கு வாங்க இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. நம் ஊர் வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது; இழை பின்னிக் கிடப்பதால் இழைப்புளிக்குச் சற்றே அடங்காது, அவ்வளவே. வாகையின் கருத்த வைரமும் பூவரசின் வைரமும் நல்லவை. மாமரம் மலிவு; ஆயின் விரைவில் உளுத்துப்போகும். குமரி மாவட்டத்து ரப்பர் மரத்தைப் போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த கரைசலில் பதப்படுத்தியபின்னரே வாங்க வேண்டும். பனை கூரைக்குக் கைமரமாக உதவும். அகன்ற பலகைக்கு உதவாது.

இரண்டாவது, ஈரம். பச்சை மரத்தில் செய்த கதவு வற்றி முறுக்கிக்கொள்ளும். நம் வள்ளியூர் வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்வழி வீசும் காற்று பலகையை விரைவில் உலர்த்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே பலகை சற்றே பருக்கும். ஆதலின் பலகைகளை நிழலில், இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் இட்டு அடுக்குக. முனைகள் வெடிக்காதிருக்க அவற்றில் வர்ணம் பூசுக. ஈரத்தை அளக்கப் பள்ளி ஆய்வுக்கூடத் தராசே போதும். 560 கிராம் எடையுள்ள துண்டை எடை குறையாத நிலைவரை சூட்டடுப்பில் உலர்த்தியபின் 500 கிராம் நின்றால், ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு. அலமாரிக்கு அதுவே ஏற்ற அளவு.

மூன்றாவது, கணக்கு. உருட்டு மரத்தின் நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது மரக்கடை வழக்கம். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி எனில் 10 கன அடி. பட்டையோடு அளந்து 4 அடி 4 அங்குலம் என்று எழுதினால், அதே மரம் ஏறத்தாழ 11¾ கன அடியாகிவிடும். நான்கே அங்குலத்தில் ஒன்றே முக்கால் கன அடிக்கு வீண்விலை! செங்கோட்டை மரக்கடையானாலும், உள்ளூர் வாள்பட்டறையானாலும், இக்கணக்கு அறிந்தவர் முன் எவரும் நாவைப் புரட்ட இயலாது.

நான்காவது, சுமை. நூல்களின் கனம் பெரிது. தட்டின் நீளத்தை இருமடங்காக்கி முழுதும் நூல்களை அடுக்கினால், அது தொய்வது பதினாறு மடங்காகும். கனத்தை இருமடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகும். ஆதலின் முக்கால் அங்குலத் தட்டை இரண்டரை அடிக்குமேல் நீட்டாதிருப்பது நலம். ப்ளைவுட் வாங்கின் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குக. மழைச் சாரல் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 என்று பொறித்தது ஏற்றது. மரத்தூள் அட்டைப்பலகை நீர் பட்டால் ஊதிவிடும், திருகாணியும் பிடிக்காது.

இன்னும் ஒன்று. வைரம் பாய்ந்த தேக்கே ஆயினும், கறையான் அதன்மேல் மண்கூடு கட்டி ஏறி உள்ளிருக்கும் தாளைத் தின்னும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அரையடிக் கால்களின்மேல் நிறுத்துங்கள். மண்கூடு கண்ணில் படும், உடனே துடைத்துவிடலாம். எத்துணைச் சிறந்த மரமும் நம் விழிப்புக்கு ஈடாகாது.

சங்கத்திற்கு இனி மரம் வாங்கச் செல்லும்போதெல்லாம் மாணவர் இருவரை உடன் அழைத்துச் செல்லுமாறு நிருவாகிகளை வேண்டுகிறோம். ஒருவர் கையில் அளவு நாடாவும், மற்றவர் கையில் கணக்கேடும் இருக்கட்டும். வகுப்பில் கற்ற பெருக்கல் கடைவாயிலில் பணத்தைக் காக்கும் என்பதை அவர்கள் கண்ணாரக் காண்பார்கள். நல்ல மரத்தில் செய்த அலமாரி பொன்விழாவையும் கடந்து நிற்கும். அதன் தட்டுகளை நூல்களால் நிரப்புவது இளைஞர்களாகிய உங்கள் பொறுப்பு.