நிலத்தைப் பகிர்ந்து நகரம் கண்ட நங்கை

நகரங்களைத் தோற்றுவித்தோர் யாவர் என்று வினவினால், வரலாறு மன்னர்களையும் தளபதிகளையும் வரிசைப்படுத்திச் சொல்லும். அமெரிக்க நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் அமைந்த மயாமி மாநகரைப் பற்றி வினவினாலோ, ஒரு கைம்பெண்ணின் பெயரைச் சொல்லும். அவர் ஜூலியா டட்டில். ‘மயாமியின் தாய்’ என்று அவரைப் போற்றுகின்றனர். நிலத்தை இல்லறத்தார் எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வில் பாடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் 1849ஆம் ஆண்டு பிறந்த ஜூலியா, 1867இல் பிரடெரிக் டட்டிலை மணந்து, ஒரு மகளுக்கும் ஒரு மகனுக்கும் தாயானார். 1886இல் கணவர் மறைந்தார். தந்தையார் முன்னரே குடியேறியிருந்த தென்புளோரிடாவுக்கு ஜூலியா சென்று வந்ததுண்டு. அந்நிலம் அவர் நெஞ்சில் நிலைத்திருந்தது. 1891இல் மயாமி ஆற்றின் வடகரையில் 640 ஏக்கர் நிலத்தை வாங்கி, மக்களுடன் அங்கே குடிபெயர்ந்தார். டல்லஸ் கோட்டை எனப்பட்ட பழைய படைமுகாமில் இருந்த ஒரு கட்டடத்தைச் செப்பனிட்டு இல்லமாக்கிக்கொண்டார். சுற்றிலும் காடும் சதுப்பும். வந்து சேரப் படகே துணை. அங்கே ஒரு மாநகரம் எழும் என்று அவர் நம்பினார்.

நம்பிக்கை ஒன்றே ஊரை எழுப்பிவிடாது, இருப்புப்பாதை வேண்டும். எண்ணெய் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஹென்றி பிளாக்லர், புளோரிடாவின் கீழைக்கரையில் தெற்கு நோக்கி இருப்புப்பாதை அமைத்துவந்தார். 1894இல் அது மேற்குப் பாம் பீச் வரை எட்டியது. மயாமி வரை அதனை நீட்டித்தால் தம் நிலத்தில் பங்கு தருவதாக ஜூலியா அவருக்கு எழுதினார். பிளாக்லர் முதலில் இசையவில்லை. ஜூலியாவும் விடவில்லை.

1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் கடும் உறைபனி புளோரிடாவைத் தாக்கியது. ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகின. மயாமிப் பகுதி மட்டும் பசுமை குன்றாது நின்றது. வாடாத ஆரஞ்சுப் பூக்களை ஜூலியா பிளாக்லருக்கு அனுப்பினார் என்பது அந்நகரத்தார் விரும்பிச் சொல்லும் கதை. அதன்பின் உடன்பாடு ஏற்பட்டது. விடுதி கட்ட 100 ஏக்கரும், எஞ்சிய நிலத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக மனைகளும் ஜூலியா அளித்தார். தென்கரையில் வாழ்ந்த பிரிக்கெல் குடும்பத்தாரும் நிலம் ஈந்தனர். 1896 ஏப்ரலில் தொடர்வண்டி வந்தது. அவ்வாண்டு ஜூலை 28ஆம் நாள் மயாமி நகரமாயிற்று.

அன்று வாக்களித்தோர் பட்டியலில் ஜூலியாவின் பெயர் இல்லை. பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. அந்நாட்டு அரசியல் சட்டம் அதனை உறுதிசெய்தது 1920இல்தான். வாக்களித்த ஆடவருள் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் கறுப்பினத் தொழிலாளர். அவர்களுடைய வாக்கின்றி நகரம் அமைந்திராது. அவ்வாறிருந்தும், நகரம் அமைந்தபின் அவர்கள் தனிச்சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டனர். நிலம் கொடுத்தவருக்கு வாக்கில்லை. வாக்குக் கொடுத்தவர்க்கு இடமில்லை. ஒரு நகரின் பிறப்பைப் பாராட்டும்போது இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணுதல் நடுநிலையாளர் கடன்.

சிராவகர் மனங்கொள்ளத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. தம் நிலத்தை விற்றபோது, அங்கே மது விற்கலாகாது என்னும் நிபந்தனையை ஜூலியா பத்திரங்களில் எழுதச் செய்தார். மதுக்கடைக்காரர் நகர எல்லையைக் கடந்து வடபுறம் சென்று கடை விரித்தனர். பத்திரம் குற்றத்தை எல்லைக்கு அப்பால் தள்ளிற்று. மனிதரின் வேட்கையை அது மாற்றவில்லை. மதுவும் ஊனும் தேனும் விலக்குதலை மூலகுணங்களுள் வைத்த நம் ஆசிரியர்கள், விரதத்தை ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஊன்றினார்கள். அதன் காரணம் இந்நிகழ்ச்சியால் தெளிவாகின்றது.

நகரம் வளர்ந்தது, ஜூலியா செழிக்கவில்லை. பட்ட கடன் பெருகிற்று. 1898 செப்டம்பர் 14ஆம் நாள், 49ஆம் வயதில் அவர் காலமானார். கடனை அடைக்க அவர் மக்கள் நிலத்தை விற்க நேர்ந்தது. இன்று அந்நகரில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். ஒரு கடற்பாலம் அவர் பெயரைத் தாங்குகின்றது. வெண்கலச் சிலை எழுந்ததோ 2010இல்தான்.

ஜூலியா துறவியல்லர், தம் நிலத்தின் மதிப்பு உயரும் என்று கணக்கிட்டே கொடுத்தவர். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் முழுவதையும் இறுகப் பற்றியிருந்தால் அவருக்கு எஞ்சியிருப்பது 640 ஏக்கர் காடு. பகிர்ந்ததனால் ஊர் பிறந்தது. பொருளுக்கு அளவு வகுக்கும் பரிக்கிரக பரிமாணம், நிலத்தை நம்பி வாழும் நம் குடும்பங்களுக்கு இங்கே புதிய பொருள் தருகின்றது. அளவுக்கு மேற்பட்டதை ஊருக்குத் திறந்துவிடுதலும் அவ்விரதத்தின் பயனேயாம்.

எஞ்சி நிற்பது பெயர் பற்றிய கேள்வி. திருமலையில் குந்தவை எடுப்பித்த ஜினாலயம் ஆயிரம் ஆண்டு கடந்தும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அத்தகைய மரபினர் நாம். நம் ஆலயத் திருப்பணிகளில் நகையைக் கழற்றிக் கொடுத்த தாய்மார்கள் பலர். அவர்கள் பெயர் கல்வெட்டில் உண்டா? கணக்கேட்டில் உண்டா? அறக்கட்டளைக் குழுவில் அவர்தம் மகளிர்க்கு இருக்கை உண்டா? ஜூலியாவின் சிலைக்கு அந்நகரம் நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. நாம் அவ்வளவு காலம் தாழ்த்தலாகாது. வாழும் நாளிலேயே அவர்களைப் போற்றுவோம்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக! ஜெய் ஜினேந்திரா!