கிடைத்த கருவியும் காத்த பொறுமையும்

1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் உருவான எம்.ஜி. டி.சி. மகிழுந்தின் எஞ்சினில் ஒரு விந்தை உண்டு. போல்ட்டின் மரை மெட்ரிக் அளவு. தலையோ பழைய விட்வொர்த் அளவு. அத்தலைகள் பலவற்றுக்கு உரிய ஸ்பானரின் வாய் அகலம் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். இன்றைய 13ஆம் எண் ஸ்பானர் நுழையாது; 14ஆம் எண் வழுக்கி, தலையின் முனைகளை மழுக்கிவிடும்.

பழுதுபார்ப்பவருக்கு வண்டியின் கருவிப் பெட்டிக்குள்ளேயே அரிய விட்வொர்த் ஸ்பானர் அகப்பட்டால் அது நற்பேறே. ஆயினும் அப்பேறு யாருக்குப் பயன்படும்? கைக்கு எட்டியதைக் கொண்டு வலிந்து திருப்பாமல் பொறுத்திருந்தவருக்கே. முனை மழுங்கிய பின்னர்ச் சரியான கருவி வந்தும் பற்றுவதற்கு இடமிராது. தேடிய பொருள் தற்செயலாகக் கிடைக்கலாம். அதுவரை உள்ளதைக் கெடுக்காமல் காப்பது அவரவர் கடமை.