அலையை அளக்கும் அணு

(நமது சங்கத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மொபைல் டவர் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி எழும்: "மீட்டர் காட்டுகிற எண்ணை எப்படி நம்புவது?" நியாயமான கேள்விதான். விஞ்ஞானிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

ரேடியோ அலையின் வலிமையை அளக்கும் மீட்டரில் சிறிய உலோக ஆன்டெனா இருக்கும். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, வலிமை தெரிந்த அலை ஒன்று வேண்டும். அந்த வலிமையைச் சரிபார்க்க இன்னொரு கருவி வேண்டும். எடைக்கல்லைச் சோதிக்கத் தராசு, தராசைச் சோதிக்க எடைக்கல் என்ற கதைதான். போதாததற்கு, உலோகமே அருகிலுள்ள அலையைக் கொஞ்சம் மாற்றிவிடும்.

இதற்கு அணுவில் ஒரு விடை இருக்கிறது. ருபிடியம் ஆவியைச் சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, 780 நானோமீட்டர் சிவப்பு லேசரையும் 480 நானோமீட்டர் நீல லேசரையும் பாய்ச்சுகிறார்கள். அணுவின் வெளி எலக்ட்ரான் கருவை விட்டு வெகுதூரம் விலகிப்போகிறது. அணு பல நூறு மடங்கு பெரிதாகிவிடும். இதற்கு ரிட்பெர்க் அணு என்று பெயர். பிடி தளர்ந்த அந்த எலக்ட்ரானை மெல்லிய ரேடியோ அலைகூட அசைத்துவிடும்.

நீல லேசர் இருக்கும்போது, சிவப்பு ஒளி குறிப்பிட்ட ஒரு நிறத்தில் மட்டும் ஆவியைத் தாராளமாகக் கடந்து வரும். வரைபடத்தில் அது ஒரு முகடு. பொருத்தமான அதிர்வெண்ணில் ரேடியோ அலை வந்தால் அந்த முகடு இரண்டாகப் பிரியும். அலை வலுக்க வலுக்க இடைவெளி கூடும். இடைவெளியிலிருந்து வலிமையைக் கணக்கிட பிளாங்க் மாறிலியும் அணுவின் இயல்பும் போதும். அந்த இயல்பு ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறாது. எனவே இன்னொரு மீட்டரின் தயவு தேவையில்லை.

2012-ல் இந்த முறையை ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். 2021-ல் அமெரிக்க ராணுவ ஆய்வகம் இத்தகைய ஒரே கருவியில் 20 கிகாஹெர்ட்ஸ் வரை அலைகளைப் பிடித்தது. ஏ.எம்., எஃப்.எம்., புளூடூத், வைஃபை எல்லாம் அதற்குள் அடங்கும்.

லேசர்களோடு சேர்ந்த கருவி என்பதால் இது நம் மொட்டைமாடிக்கு வர நாளாகும். அதுவரை இரண்டு காரியம் செய்யலாம். தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் நம் பகுதி டவரின் விவரத்தைப் பாருங்கள். கட்டணம் செலுத்தி அளக்கச் சொல்லியும் கேட்கலாம். யாராவது மீட்டரோடு வந்தால், அது கடைசியாக எப்போது, எங்கே சரிபார்க்கப்பட்டது என்று கேளுங்கள். சான்றிதழைப் பார்த்த பிறகு எண்ணைப் பாருங்கள். பயப்படுவதானாலும் நிம்மதியடைவதானாலும், சரியான அளவை வைத்துச் செய்வோம்.